வந்து நிற்றல்

ஆக்லாந்தின் மனுக்காவ் துறைமுகத்தில் நீர் வற்றும் வேளைகளில் கரையோர ஒனிஹங்கா முழுவதும் சேற்று வாடை எழும். தென்மேற்குக் காற்று அதைக் கடைத்தெரு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வரும். புதிதாக வீடு வாங்கியவர்கள் சன்னல்களைச் சாத்துவார்கள். சில்வெஸ்ரர் சாத்துவதில்லை. மன்னார்க் கரையில் பிறந்த அவருக்கு அந்த வாடை பசியைத்தான் கிளப்பியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவர், வீட்டின் பின்புறக் குழாயடியில் பலகையைப் போட்டுக் கஹவாய் மீன்களுக்குச் செதிள் வாரிக்கொண்டிருந்தார். முந்திய நாள் மாலை மாங்கெரே பாலத்தில் நின்று தாமே தூண்டிலிட்டுப் பிடித்தவை. கத்தி அவருடைய கையில் தானாகவே ஓடியது. ஊரோரத்து மீன் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சதை பிரித்த கை அது. இடது காலை மட்டும் முன்னே நீட்டி வைத்திருந்தார். அதன் கணுக்கால் மடங்காது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி அந்தப் பாதத்தின்மேல் ஏறியது.

நியூசிலாந்துச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. விபத்தில் காயப்பட்டவரின் சிகிச்சையையும் சம்பளத்தின் பெரும்பகுதியையும் அரசு பொறுப்பேற்கும். அதற்கு ஈடாக, காயப்படுத்தியவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரும் உரிமை காயப்பட்டவருக்கு இல்லை. சில்வெஸ்ரருக்கு எல்லாம் ஒழுங்காக வந்தன. சிகிச்சை வந்தது, சம்பளம் வந்தது, அடி உயர்ந்த சப்பாத்து வந்தது. வண்டியை ஓட்டிய யசீகரன் மட்டும் வரவில்லை.

யசீகரன் அந்நியன் அல்லன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன்; மனைவி வழியாக அதே தேவாலயத்துக்கு வருபவன். விசாரணை முடியும்வரை காயப்பட்டவருடன் எவரும் பேசக்கூடாது என்று தொழிற்சாலையின் வழக்கறிஞர் கட்டளையிட்டிருந்தார். விசாரணை முடிந்தது. அதற்குப் பிறகும் அவன் பேசவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக் கைகுலுக்கும் நேரம் வரும்போதெல்லாம் அவன் குனிந்து தன் மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டுவான். அவிழாத நாடாவை.

"இஞ்சாருங்கோ, கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. ரேச்சல் ஃபோன் எடுத்திருக்கிறாள். அழுறாள்" என்று அவருடைய மனைவி விக்ரோறியா பின்கதவில் நின்று சொன்னார்.

ரேச்சல் அவர்களுடைய இளைய மகள். ஜப்பானின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். மூன்று கிழமைகளுக்கு முன்பு ஒரு மழை மாலையில், நடைபாதையில் சைக்கிளில் வந்தபோது, டோஃபு கடையிலிருந்து வெளியே வந்த ஹயாஷிதா என்ற முதியவரை இடித்துவிட்டாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவளிடம் சைக்கிள் காப்புறுதி இருந்ததால் மருத்துவச் செலவு ஒரு பொருட்டாகவில்லை. முதியவரும் முதலில், மழையில் நடந்தது, வழக்கு வேண்டாம் என்றுதான் காவல் துறையிடம் கூறியிருந்தார்.

அன்றிரவே ரேச்சல் தன் அண்ணன் கிளைவை அழைத்தாள். கிளைவ் ஆக்லாந்து நகர மையத்தில் வழக்கறிஞன். அவன் இட்ட கட்டளை சுருக்கமானது: மருத்துவமனைக்குப் போகாதே, மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்காதே, காப்புறுதி நிறுவனமே பேசட்டும். அவள் அப்படியே நடந்தாள். பள்ளித் துணைத் தலைமையாசிரியர் இருமுறை நாசூக்காக நினைவூட்டியும் அவள் போகவில்லை. ஹயாஷிதா மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து காத்திருந்தார். யாரும் வரவில்லை. இப்போது காவல் துறையினரை வரவழைத்து முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

ஜப்பானியச் சட்டத்தில் இத்தகைய கவனக்குறைவுக் காயம் குற்றமே. ஆயினும் காயப்பட்டவர் முறையிட்டாலன்றி அங்கே வழக்கு எழாது. அவர் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றால் அத்துடன் முடியும். சட்டமே ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதை வழக்கம் நிரப்பட்டும் என்று ஒதுங்கி நிற்கிறது. அந்த இடத்தை ஒனிஹங்காவிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

"அப்பா, கேஸ் போனா கொன்ட்ராக்ட் புதுப்பிக்கமாட்டினம். ஐ ஹாவ் டு லீவ். எனக்கு இஞ்ச இருக்கவேணும். பள்ளிக்கூடத்தில சொல்லினம், வீட்டிலயிருந்து ஆரும் வந்தா நல்லதெண்டு" என்றாள் ரேச்சல்.

"வந்து?"

"வந்து... நிக்கிறது."

சில்வெஸ்ரர் கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு மீண்டும் குழாயடிக்குப் போனார்.

மாலையில் கிளைவ் ரயிலேறி வந்தான். பக்கத்து வீட்டு லக்ஷ்மிப்ரியாவை விக்ரோறியா அழைத்திருந்தார். திருச்சிக்காரியான அவள் கணினி நிறுவனம் ஒன்றின் சார்பில் யோக்கோஹாமாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். மேசையில் புட்டும், கஹவாய்க் குழம்பும், தேங்காய்ப்பால் சொதியும் இருந்தன. லக்ஷ்மிப்ரியா மீன் சட்டிக்கு எட்டாத மூலையில் அமர்ந்து, புட்டுக்கு வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டாள்.

"பிள்ளை, மீனும் தின்னாமல் ஜப்பானில ஆறு வருசம் என்னத்தைச் சாப்பிட்டுச் சீவிச்சீர்?" என்று கேட்டார் சில்வெஸ்ரர்.

"தயிர் சாதமும் அழுகையும் அங்கிள்."

கிளைவ் சிரிக்கவில்லை. "டாட், சொறி எண்டு சொன்னா அது அட்மிஷன். எந்த லோயரும் அதைத்தான் சொல்லுவான். ஐ வாஸ் ப்ரொடெக்டிங் ஹேர்."

"இந்த ஊர்ல சரிதான் கிளைவ். அங்க 'மன்னிச்சிருங்க'ன்னா 'நான் குத்தவாளி, கையெழுத்துப் போடறேன்'னு அர்த்தம் இல்ல. போய் நிக்கிறது மரியாதை. போகாம இருந்தாத்தான் குத்தம். போலீஸே கேப்பாங்க, ப்ராசிக்யூட்டரும் கேப்பாங்க: போய்ப் பாத்தீங்களான்னு" என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"இன்ஷூரன்ஸ் ஆக்கள் கதைச்சவைதானே?"

"இன்ஷூரன்ஸ்காரனா வந்து இடிச்சான்?"

விக்ரோறியா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"அது ஃபெயர் இல்லை. ரூல் எண்டா எழுதி இருக்கவேணும். எழுதாத ரூலை எப்பிடி ஃபொலோ பண்றது?" என்றான் கிளைவ்.

"எனக்கும் பிடிக்காதுதான். ஒரு தடவை ரயில் லேட்டுன்னு ஆபீஸ் முழுக்க ஒவ்வொரு மேசையா நின்னு மன்னிப்புக் கேட்டேன். ரயிலை நானா ஓட்டினேன்? ஆனா கேட்டு முடிச்சதும் ஒருத்தரும் அதைப் பத்திப் பேசலை. அன்னிக்கோட போச்சு."

"சரி, ரேச்சல் போகட்டும். இருபத்துநாலு வயசுப் பிள்ளைக்குத் தேப்பன் எதுக்கு?" என்றார் சில்வெஸ்ரர்.

"சட்டப்படி நீங்க ஒண்ணுமே இல்ல அங்கிள். ரேச்சல் ஆன்ட்டிகிட்ட சொன்னாளே, அந்தப் பெரியவரோட பொண்ணு ஸ்கூல்ல கேட்டிருக்காங்களாம், அந்தப் பிள்ளைக்குப் பின்னால ஒரு வீடு இருக்கா இல்லையான்னு."

சில்வெஸ்ரர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் போகமாட்டன்."

"ஏனப்பா?" என்று கேட்டார் விக்ரோறியா.

"என்ர காலுக்கு ஆர் வந்தவை?"

வெளியே ஆக்லாந்தின் வழக்கமான மழை, வெயில் முழுவதும் மறைவதற்குள்ளாகவே, தகரக் கூரையில் விழத் தொடங்கியது.

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் விக்ரோறியா.

"அதுதான் இது. எனக்கு எல்லாம் சட்டப்படி நடந்தது. ஒருத்தனும் கதவைத் தட்டேல்ல. நான் செத்தே போனனான்? அந்தாளும் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் குடுக்குதுதானே."

விக்ரோறியா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். குரலை உயர்த்தாமல் பேசினார். "இடுப்பு முறிஞ்ச வயசாளிகளை நான் ஒவ்வொரு நாளும் பிரட்டிப் படுக்க வைக்கிறனான். கக்கூசுக்குப் போறதுக்கு மணியை அடிச்சுப்போட்டுக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிற ஆக்கள். அங்க ஒருத்தர் அப்பிடிக் கிடக்கிறார். முறிச்சது என்ர பிள்ளை. உங்களுக்கு ஆரும் வரேல்ல எண்டு உங்களுக்கு நோகுதல்லோ? அந்த நோவு இன்னொருத்தருக்கும் வேணுமெண்டு நிக்கிறீங்கள். நீங்கள் போகாட்டி நான் லீவு எடுத்துக்கொண்டு போறன்."

சில்வெஸ்ரர் மீதிப் புட்டைச் சொதியில் குழைத்து, உண்டு முடித்தார். மறுநாட் காலையில் கிளைவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ரெண்டு டிக்கெட் போடு. ஒண்டு எனக்கு. மற்றது உனக்கு."

"டாட், எனக்கு இந்தக் கிழமை ஹியரிங் இருக்கு."

"வாயை மூடச் சொன்னவன் நீ. திறக்கிற நேரம் நீயும் நிக்கவேணும்."

புறப்படுவதற்கு முன் லக்ஷ்மிப்ரியா அவர்களுடைய வரவேற்பறையில் பயிற்சி அளித்தாள். இடுப்பிலிருந்து முதுகு வளையாமல் குனிய வேண்டும், உடனே நிமிரக்கூடாது. கொண்டுபோகும் தேன் பெட்டியை எடுத்தவுடன் நீட்டக்கூடாது.

"ஃபர்ஸ்ட் மன்னிப்பு, அப்புறம்தான் பெட்டி. பெட்டி முன்னால போச்சுன்னா லஞ்சம் மாதிரி ஆயிடும். அவங்க வாங்கலைன்னாலும் கோபப்படக்கூடாது."

"ஏன் இடிச்சது எண்டு விளக்கம் சொல்லலாமோ? மழை, இருட்டு..." என்றான் கிளைவ்.

"வாயே திறக்காதீங்க. இந்த ஒரு தடவை மட்டும் லாயரா இல்லாம இருங்க."

சில்வெஸ்ரர் ஊன்றுகோலுடன் குனிந்து பார்த்தார். லக்ஷ்மிப்ரியா தயங்கினாள். "கோலோட நல்லாத்தான் இருக்கு அங்கிள். பரவாயில்ல."

"நல்லா இல்லை எண்டு உம்மட முகத்தில எழுதிக் கிடக்கு" என்றார் அவர்.

ஜப்பானில் நடந்ததைக் கிளைவ் திரும்பி வந்து பலமுறை சொன்னான். சில்வெஸ்ரர் ஒருமுறையும் சொல்லவில்லை. பள்ளித் துணைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே கேட்டு, வரலாம் என்ற அனுமதியைப் பெற்றிருந்தார். மருத்துவமனை அறைக்கு வெளியே சில்வெஸ்ரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே முதியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அருகில் அவருடைய மகள் நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை. ரேச்சல் ஜப்பானிய மொழியில் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து, மீண்டும் தொடங்கினாள். கிளைவ் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் குனிந்தான். பிறகு சில்வெஸ்ரர் குனிந்தார். கோல் இல்லாமல் நெடுநேரம் அப்படி நின்றவருக்கு நிலை தடுமாறியது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

முதியவரின் பார்வை அவருடைய சப்பாத்தின் உயர்ந்த அடியில் நின்றது. ஏதோ கேட்டார்.

"அவர் கேக்கிறார், உங்கட காலுக்கு என்ன நடந்ததெண்டு" என்றாள் ரேச்சல்.

"தொழிற்சாலையில ஃபோர்க்லிஃப்ட் ஏறினதெண்டு சொல்லு."

முதியவர் கேட்டுத் தலையசைத்தார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். ரேச்சல் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"அதைச் செய்தவர் உங்களிட்ட வந்தவரோ எண்டு கேக்கிறார்."

உண்மை ஒரு சொல்லில் அடங்கும். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் சில்வெஸ்ரருக்கு இரக்கமும் கிடைத்திருக்கும். ஆனால் வேற்று நாட்டவர் முன்னிலையில், மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், தம் ஊரான் ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்க அவருக்கு வாய் வரவில்லை.

"ஓம். வந்தவர். அடுத்த நாளே வந்தவர். தோடம்பழம் கொண்டந்தவர்."

ரேச்சல் தந்தையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விபத்து நடந்த ஆண்டு முழுவதும் அதே வீட்டில் இருந்தவள் அவள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு மொழிபெயர்த்தாள். தோடம்பழத்தையும் விடாமல், ஆரஞ்சு என்று சேர்த்துக்கொண்டாள்.

முதியவர் மெல்லச் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்: "அப்பிடியெண்டா நோவு கொஞ்சம் குறைஞ்சிருக்குமாம்."

தேன் பெட்டியை மகள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அடுத்த கிழமை முறைப்பாடு திரும்பப் பெறப்பட்டது. ரேச்சலின் ஒப்பந்தம் தப்பியது.

ஒனிஹங்காவில் விக்ரோறியா பால் புட்டு அவித்து லக்ஷ்மிப்ரியாவுக்கும் கொடுத்தார். கிளைவ், தான் குனிந்த கோணத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டினான். சில்வெஸ்ரர் மட்டும் கொல்லைப்புறத்தில் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று விக்ரோறியா அவரருகில் வந்து கேட்டார். கிளைவ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"வேற என்னத்தைச் சொல்ல? எங்கட ஆக்கள் இப்பிடித்தான் எண்டோ?"

"நோ ப்ராப்ளம், டாட்" என்று பின்கதவிலிருந்து கிளைவ் குரல் கொடுத்தான். "சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சி இல்லைத்தானே. கேசுக்கும் சம்பந்தமில்லை. யூ ஆர் ஃபைன்."

"நீ உள்ளுக்குப் போ" என்றார் சில்வெஸ்ரர். பிறகு மனைவியிடம், "அந்த மனுசன் அதைக் கேட்டுத்தான் மனம் இளகினவர். நான் கண்டனான். இல்லாத ஒண்டைக் குடுத்து என்ர பிள்ளைக்கு மன்னிப்பு வாங்கிப்போட்டன்" என்றார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"தெரியாது."

சனிக்கிழமை பிற்பகலில் அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தெருவோரத்துப் பொஹுடுகாவா மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன; நடைபாதையில் சிவப்பு இழைகள் உதிர்ந்து கிடந்தன. யசீகரன் தன் வீட்டு முற்றத்தில் புல்வெட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் நின்றான். இயந்திரத்தை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை.

"மெசினை நிப்பாட்டு!" என்று சில்வெஸ்ரர் உரக்கச் சொன்னார்.

நிறுத்தினான். "சில்வெஸ்ரர் அண்ணை..."

"ஜப்பானில ஒரு மனுசனிட்ட, நீ வந்தனீ எண்டு சொல்லிப்போட்டன்."

"எங்க வந்தனான்?"

"என்னட்ட. கால் நசிஞ்ச அடுத்த நாள். தோடம்பழத்தோட."

யசீகரன் கையில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தான். துடைத்த பின்னும் துடைத்துக்கொண்டே நின்றான். "நான் வரேல்லையே அண்ணை."

"அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரியாமல் என்ர பிள்ளையை மன்னிச்சுப்போட்டார்."

"லோயர் கதைக்கவேண்டாம் எண்டவர் அண்ணை. வேலை போயிடும் எண்டவை. பிறகு விசாரணை முடிஞ்சுது. வருவம் எண்டுதான் இருந்தனான். ஒரு கிழமை போச்சு. பிறகு மாசம் போச்சு. நாள் போகப் போக என்ன முகத்தோட வாறது?"

"இப்ப இருக்கிற முகத்தோட வா. என்னைப் பொய்யன் ஆக்காதை."

யசீகரன் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். இருவரும் நடந்தனர். சந்தியிலிருந்த டெய்ரி என்னும் சிறு மளிகைக்கடையில் தோடம்பழம் இருக்கவில்லை.

"வாழைப்பழம் கிடக்கு அண்ணை. நல்ல பழம்."

"நான் தோடம்பழம் எண்டெல்லோ சொன்னனான்."

ஆகவே கடைத்தெருவின் மறுகோடியிலுள்ள பழக்கடைவரை போக வேண்டியதாயிற்று. சில்வெஸ்ரரின் நடைக்கு யசீகரன் தன் நடையைக் குறைத்தான். முதலில் இரண்டு முறை முன்னே போய்விட்டு நின்றான். பிறகு அளவு பிடிபட்டது. கோல் முதலில் ஊன்றும், பின்பு உயர்ந்த அடிகொண்ட சப்பாத்து, பின்பு நல்ல கால். நான்கு ஆண்டுகளாகத் தேவாலயத்தின் மறுபக்கத்து வரிசையிலிருந்து மட்டுமே அவன் பார்த்திருந்த நடை அது. ஓரிடத்தில் வீதியைக் கடக்கும்போது, கேட்காமலே அவருடைய முழங்கையைப் பிடித்தான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தோடம்பழப் பையுடன் வீட்டின் வெளிவாசல் படலையை அடைந்தபோது மழை தூறியது.

"நீ இதில நில். நான் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திறன். பிறகு தட்டு" என்றார் சில்வெஸ்ரர்.

"அண்ணை, நனையுது."

"நனையட்டும்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஈரச் சட்டையுடன் வரவேற்பறை நாற்காலியில் அமர்ந்து, முக்காலியை இழுத்து, இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மாதத்தில் அப்படித்தான் அமர்ந்திருந்தார்.

விக்ரோறியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் காலைத் தூக்கி வைச்சிருக்கிறீங்கள்? நோகுதோ?"

"ஓம்."

"வெளியில ஆரோ நிக்கினம். ஆர் அது?"

"தெரியாது. தட்டட்டும்."

கதவு உடனே தட்டப்படவில்லை. கூரையில் மழை வலுத்தது. படலை ஒருமுறை கிரீச்சிட்டது. நின்றவர் போய்விட்டாரோ என்று விக்ரோறியா சன்னலை நோக்கி நகர்ந்தார். சில்வெஸ்ரர் கையசைத்து அவரை நிறுத்தினார்.

பிறகு தட்டும் ஓசை கேட்டது. மிகவும் மெல்லிய ஓசை.

சில்வெஸ்ரர் எழவில்லை; மனைவியைப் பார்த்தார். "திறவும்" என்றார்.